யாருக்கும் சொந்தமில்லாத திகதி

ஏப்ரல் மாதக் கூட்டத்தில் ஊத்துமலை பிரதேச சபை ஒருவழியாக ஒரு முடிவுக்கு வந்தது. இனி ஒவ்வொரு வருடமும் ஜூன் பதினான்காம் திகதி, சபை எல்லைக்குள் 'அம்மாக்கண்ணு நாள்'. தவிசாளர் அழகன் மேடைக் குரலில் தீர்மானத்தை வாசித்தார். பதினாறு உறுப்பினர்களும் கை தூக்கினார்கள். ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து கை தூக்கியது அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான், மண்டபத்துக் கூரையைத் திருத்தும் விஷயத்தில். அதுவும் ஒழுக்கு இரண்டு பக்கக் கதிரைகளிலும் பாரபட்சமில்லாமல் விழுந்தபடியால்.

மூலையில் கிடந்த சின்ன மேசையில் கூட்ட அறிக்கை எழுதிக்கொண்டிருந்த றிச்சர்டின் பேனா அப்போதுதான் நின்றது.

ஜூன் பதினான்கு தயானி இறந்த நாள்.

தயானி அவன் மனைவி. சாவகச்சேரிக்காரி. பொகவந்தலாவைக்குக் கணக்கு டீச்சராக வந்து, மூன்று வருடம் அவனோடு இருந்து, போன வருடம் காய்ச்சல் என்று படுத்து நான்காம் நாள் போய்விட்டாள். அந்தத் திகதி எப்படித் தீர்மானத்துக்குள் வந்தது? கொஞ்சம் யோசித்தான். அதிகம் யோசிக்கத் தேவைப்படவில்லை. தீர்மானத்தைத் தயாரித்தவனே அவன்தான்.

பெப்ரவரியில் ஒரு மத்தியானம் அந்தப் படிவத்தை நிரப்பினான். 'நினைவுகூரப்படுபவர் இறந்த திகதி' என்று ஒரு கட்டம் இருந்தது. எட்டு மாதமாக அவன் நிரப்பிய படிவங்களில் எல்லாம் அப்படி ஒரு கட்டம் இருந்தது. வங்கி, கல்விப் பணிமனை, ஓய்வூதியத் திணைக்களம், கிராம உத்தியோகத்தர், கடைசியில் தொலைபேசிக் கம்பனிகூட. ஒவ்வொன்றிலும் அவனுடைய புதிய பதவியையும் குறிக்க வேண்டியிருந்தது: தபுதாரர், அதாவது மனைவியை இழந்தவர். முப்பத்திரண்டு வயதில் விண்ணப்பிக்காமலே கிடைத்த பதவி உயர்வு. கைக்கு அந்தக் கட்டம் பழகிப்போயிருந்தது. கட்டத்தைக் கண்டது, எழுதியது. தலையைக் கேட்கவில்லை. தலையும் அந்த நாட்களில் பெரும்பாலும் விடுமுறையில்தான் இருந்தது.

அடுத்த கட்டம் 'ஆதாரம்'. அதை வெறுமையாக விட்டால் படிவத்தைத் திருப்பி அனுப்புவார்கள். 'தோட்டப் பதிவேடு' என்று எழுதினான். பேராதனையில் குடியுரிமைச் சட்டத்தைப் பற்றி இருநூற்றுப் பதினான்கு அடிக்குறிப்புகளோடு ஆய்வுக்கட்டுரை எழுதியவன் அவன்.

இதில் இன்னொரு வேடிக்கை, திகதிகளை மறப்பதில் அவன் பெயர் பெற்றவன். கலியாண நாளை மறந்தான். அவள் பிறந்த நாளை இரண்டு தடவை மறந்தான். "நாற்பத்தெட்டாம் ஆண்டுச் சட்டம் எந்த மாதம் எண்டு கேட்டால் சொல்லுவியள், என்னை எப்ப கட்டினனீங்கள் எண்டு கேட்டால் முழிப்பியள்" என்பாள். அவளைப் பற்றி அவன் மறக்காத ஒரே திகதியை அவளால் கேட்க முடியவில்லை.

பதினாறு உறுப்பினர்களும் அந்தத் திகதியை ஏன் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அம்மாக்கண்ணு நரிக்கல் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். குடியுரிமை இல்லாத அந்தக் காலத்தில், இருபத்திரண்டு வருடம், மாதாமாதம் சம்பளத்துக்கு மறுநாள் வேலைக்குப் போகாமல், நுவரெலியாவில் அரசாங்க அதிபரின் அலுவலகமான கச்சேரிக்குப் பிரஜாவுரிமை விண்ணப்பத்தோடு போனவர். முதலில் தனியாக, பிறகு பத்துப் பேரோடு. கடைசியில் நானூறு பெண்கள் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டுக் கச்சேரிப் படிகளில் உட்கார்ந்தார்கள். "காலையில வேலைக்குப் பெரட்டுல பேரு கூப்பிடுறீங்க, ஓட்டுக்கு ஏன் கூப்பிடல?" என்று அவர் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. குடியுரிமை கிடைக்கு முன்பே செத்துப்போனார். அவருக்கு ஒரு நாள் வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. எந்த நாள் என்பதில்தான் ஏழு மாதச் சண்டை. அழகன் தன் தொழிற்சங்கம் தொடங்கிய நாளைச் சொன்னார். எதிர்க்கட்சி தங்கள் தலைவரின் பிறந்த நாளைச் சொன்னது. இன்னொருவர் மே தினத்தோடு சேர்த்துவிட்டால் கொடிச் செலவு மிச்சம் என்றார். எந்த நாளைத் தொட்டாலும் அது யாருக்கோ சொந்தமாக இருந்தது.

தீர்மானம் நிறைவேறியதும் அழகன் கலண்டரில் ஜூன் பதினான்கைப் புரட்டிப் பார்த்தார். "இது எவனோட நாளும் இல்லயே! எங்கய்யா புடிச்ச இத?" என்று றிச்சர்டின் முதுகில் தட்டினார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவன் முதுகைத் தட்டக் கொடுத்துவிட்டு நின்றான்.

கூட்டம் முடிந்து இரண்டு கிழமை எதுவும் செய்யவில்லை. பயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வேலை போய்விடும், விசாரணை வரும் என்றெல்லாம். உண்மை அதுவல்ல. படுக்கையில் கிடந்து யோசித்தபோது தெரிந்தது, அவனுக்கு அது பிடித்திருந்தது. ஜூன் பதினான்கு அன்று பதினேழு தோட்டங்களில் கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். அழகனே வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார். எல்லாம் தயானிக்கு. யாருக்கும் தெரியாமல், சபைச் செலவில். மனைவிக்குத் திருப்பலிகூட ஒழுங்காக ஒப்புக்கொடுக்காதவன் செய்த ஏற்பாடு அது. இவ்வளவு மலிவான ஆளா நான் என்று பார்த்தான். ஆமாம், இவ்வளவு மலிவான ஆள்தான்.

மே மாதத் தொடக்கத்தில் மாமியார் சிவனேஸ்வரி சாவகச்சேரியிலிருந்து போன் எடுத்தார்.

"தம்பி, பிள்ளையின்ர ஆண்டுத் திவசம் ஜூன் மூண்டாம் திகதி வருது. லீவு போட்டிட்டு வாங்கோ."

"பதினாலு இல்லீங்களா, மாமி?"

"அது இங்கிலீசுத் திகதியெல்லே. நாங்கள் திதிதான் பாக்கிறது. வைகாசித் தேய்பிறைத் திரிதியை. ஐயரிட்டையும் கேட்டிட்டன். பதினாலில உங்கட பக்கத்தில ஏதும் செய்யிறதெண்டால் செய்யுங்கோ."

"செய்றோம், மாமி."

"என்ன செய்யப் போறியள்?"

பிரதேச சபை செய்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. "பூசை" என்றான். போனை வைத்த பிறகு எண்ணிப் பார்த்தான். திதி மாமியாருக்குப் போய்விட்டது. திகதியைச் சபைக்குக் கொடுத்தாயிற்று. அவனுக்கென்று ஒரு நாளும் மிச்சமில்லை.

அழைப்பிதழ்கள் அச்சாகி வந்தன. அறுநூறு. முதல் அழைப்பிதழை அம்மாக்கண்ணுவின் மகள் நாகலெட்சுமிக்குக் கையில் கொடுத்து, விளக்கேற்ற அழைக்க வேண்டும் என்று அழகன் சொன்னார். "நீயே போ. நீதான் அந்தம்மாகிட்ட போயி விவரமெல்லாம் கேட்டு எழுதுன ஆளு."

அதிலும் ஒரு சங்கதி இருந்தது. றிச்சர்ட் நாகலெட்சுமியிடம் போனது உண்மை. போன ஆகஸ்ட்டில், தயானி போய் இரண்டு மாதத்தில். தோட்டத்து லயத்தில் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து பிளேன்டீயும் குடித்தான். கேட்க வேண்டியதைக் கேட்கு முன் அவர், "பொஞ்சாதி போயிட்டாங்களாமே தம்பி?" என்றார். அவன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டான். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. சந்தியில் மழையில் நின்றான். ஏழு மாதமாகத் திகதிக்குச் சண்டை பிடித்த சபையில், செத்தவரின் மகளிடம் எப்போது செத்தார் என்று கேட்டவர் ஒருவருமில்லை. கேட்டாயிற்று என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். கேட்க வேண்டியவன் ஓடிவந்துவிட்டான்.

இந்தத் தடவையும் பிளேன்டீ வந்தது, கருப்பட்டித் துண்டோடு. நாகலெட்சுமிக்கு எழுபதை நெருங்கும் வயது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அழைப்பிதழை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஜூன் பதினாலா?"

"ஆமாங்க."

"எங்கம்மா செத்தது சம்பளத்துக்கு மறுநாளுங்க தம்பி. கச்சேரிக்குக் கெளம்பி, பையி கையில. வாசல்லயே உக்காந்தாங்க, அப்புடியே சாஞ்சிட்டாங்க. ஏழாம் நம்பர் மலயில தேயிலச் செடிய கவ்வாத்து வெட்டிக்கிட்டிருந்தாங்க அப்ப. எங்க வூட்டுக்காரரு கவ்வாத்துக் கத்திய கையில புடிச்சிக்கிட்டே ஓடியாந்தாரு. ஆடி பொறக்கல இன்னும். நான் ஆடிக்கு முந்தின பதினொண்ணுலதான் படைக்கிறேன், வருசா வருசம்."

றிச்சர்ட் பிளேன்டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தத் தேதி எங்க கெடச்சது தம்பி?"

"தோட்டப் பதிவேட்டுலங்க" என்றான். பொய் தானாக வந்தது. படிவத்தில் ஒருமுறை எழுதிவிட்டால் வாய்க்கும் பழகிவிடும் போலிருந்தது.

நாகலெட்சுமி கண்ணாடியைக் கழற்றினார்.

"பொஸ்தகத்துல இருக்கா? எங்கம்மா பேரு பொஸ்தகத்துல இருக்கா?"

"இருக்குங்க."

"அப்ப அதுதான் சரியா இருக்கும்." அழைப்பிதழை மடியில் வைத்துக்கொண்டார். "நாந்தான் தப்பா நெனச்சிக்கிட்டு இருந்திருக்கேன். நாப்பத்திரெண்டு வருசம், நாள் மாறிப் படைச்சிருக்கேன் பாருங்க. படிக்காதவ புத்தி. பரவால்ல, இந்த வருசத்துலருந்து பதினாலுல வச்சிக்கிறேன். பேரு பொஸ்தகத்துல ஏறணும்னுதான அது அத்தன நட நடந்துச்சு."

றிச்சர்ட் விடைபெற்றுச் சந்திக்கு இறங்கினான். பஸ் உடனே வந்தது. மூன்று வளைவு தாண்டும்வரை ஜன்னலோரத்தில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தான். ஒரு பெண் இருபத்திரண்டு வருடம் நடந்தும் ஏற முடியாத புத்தகத்தில் அவன் ஒரு பொய்யால் அவரை ஏற்றிவிட்டான். அந்தப் பொய்க்கு அவருடைய மகள் தன்னிடமிருந்த ஒரே உண்மையான நாளை நன்றி சொல்லிக் கொடுத்துவிட்டார். அடிக்குறிப்பு இருநூற்றுப் பதினைந்து.

"எறக்கம்!" என்று கத்தினான்.

"இங்க ஹோல்ட் இல்லண்ணே" என்றார் கண்டக்டர்.

"பரவால்ல, எறக்கி விடுங்க."

"ஏதும் மறந்துட்டீங்களா?"

"ஆமா."

ஏறி வந்தபோது நாகலெட்சுமி பிளேன்டீக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். அவன் மூச்சு வாங்கியபடியே, உட்காராமல் சொன்னான்.

"பொஸ்தகமெல்லாம் இல்லீங்க. நான் பாக்கவே இல்ல. அது என் மனைவி செத்த தேதி. கை தவறி எழுதிட்டேன். தெரிஞ்சப்புறமும் சொல்லல."

நாகலெட்சுமி கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். திட்டப் போகிறார் என்று அவன் நின்றான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அந்த ஒரு வருடத்தில் அவனை யாரும் திட்டவில்லை. எல்லோரும் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

"அந்தப் புள்ள பேரு என்னா?"

"தயானி."

"கணக்கு டீச்சரு. யாழ்ப்பாணத்துப் புள்ள. எங்க பேத்தி சொல்லுவா, சத்தமே போட மாட்டாங்களாம், சும்மா பாப்பாங்களாம், கணக்கு தானா வந்துருமாம்." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு பார்த்தார். "ஏன் தம்பி, அந்தப் புள்ளைக்கு மெழுகுதிரி கொளுத்த வேண்டிய அன்னைக்கு எங்கம்மா படத்துக்கு மாலயப் போட்டுக்கிட்டு மேடையில நிப்பீங்களா? நல்லாவா இருக்கு அது? ரெண்டு பேருக்கும் அசிங்கம்."

"மாத்திருவேங்க."

"மாத்துங்க. எங்கம்மா மட்டும் இருந்திருந்தா ஒங்களயும் இழுத்துக்கிட்டுப் போயி கச்சேரிப் படியில ஒக்கார வச்சிருக்கும். நான்னதால தப்பிச்சீங்க." பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்தார். "ஒக்காருங்க. போன தடவயும் ஓடிட்டீங்க, மழையில. சந்தியில நின்னத நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அடுத்த பஸ்ஸு அஞ்சு மணிக்குத்தான்."

உட்கார்ந்தான்.

மறுநாள் நரிக்கல் தோட்ட ஒபீசுக்குப் போனான். பெரிய கிளாக்கர் லோரன்ஸ் முப்பது வருடமாக அங்கே இருப்பவர்.

"மரணப் பதிவா? எண்பத்தாறுல ஸ்டோர் பத்திக்கிச்சு, அதோட போச்சு" என்றார். "ஆளுங்க செத்ததெல்லாம் எரிஞ்சு போச்சு. தேயில வெட்டுனது மட்டும் பத்திரமா இருக்கு. அது பங்களாவுல இருந்திச்சு." கவ்வாத்துப் புத்தகத்தை எடுத்து வந்து தூசு தட்டினார். தேயிலைச் செடிகளை எந்த மலையில் எந்த நாட்களில் வெட்டிவிட்டார்கள் என்று அதில் எழுதியிருந்தது. ஏழாம் நம்பர் மலை நான்கு வருடத்துக்கு ஒருமுறை வெட்டப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு, ஜூலை நான்கு முதல் முப்பது வரை. சம்பளம் எப்போதும் பத்தாம் திகதி. மறுநாள் பதினொன்று. ஆடிக்கு முந்திய பதினொன்று. ஒரு வரி பிசகவில்லை.

ஏழு மாதம் சபை தேடியதை ஒரு கிழவி மனதிலிருந்தே சொல்லிவிட்டார். தேயிலைச் செடிகள் சாட்சி சொல்லிவிட்டன. பட்டதாரி தூசுக்குத் தும்மினான்.

அழகன் முதலில் கத்தினார். "அறுநூறு கார்ட்டுய்யா! அமைச்சருக்கே சொல்லியாச்சு!" விஷயம் முழுவதையும் கேட்டதும் கதிரையில் சாய்ந்தார். மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டை உருட்டினார். "சரி. எழுத்துப் பிழைன்னு போட்டு முடிச்சிரு. யாருக்குத் தெரியப் போவுது."

"திருத்தப் படிவத்துல 'காரணம்'னு ஒரு கட்டம் இருக்கு, சேர்."

"அதுலதான் சொல்றேன், எழுத்துப் பிழை."

"கட்டத்துக்குப் பொய் எழுதித்தான் சேர் இவ்வளவும் வந்தது."

நிரப்பி நீட்டினான். அழகன் வாசித்தார். மறுபடி வாசித்தார். "இத சபையில சத்தமா வாசிக்கணுமே."

"வாசிக்கணும்."

"யாரு வாசிக்கிறது?"

"சட்டப்படி தவிசாளர்தான், சேர்."

"படுபாவி" என்றார் அழகன்.

மே மாதக் கூட்டம். வெளியே மழை. மூன்றாவது விடயமாக அது வந்தது. அழகனுக்கு மேடைக் குரலைத் தவிர வேறு குரல் கிடையாது, அதிலேயே தொடங்கினார்.

"அம்மாக்கண்ணு நாள் ஜூலை பதினொன்று எனத் திருத்தப்படுகிறது. காரணம்: முந்தைய தீர்மானத்தில் இடம்பெற்ற ஜூன் பதினான்கு என்பது, தீர்மானத்தைத் தயாரித்த உத்தியோகத்தரின் மனைவி தயானி இறந்த நாளாகும். மேற்படி உத்தியோகத்தருக்கு அந்த நாளைத் தவிர வேறு நாள் நினைவில் இல்லாதிருந்தமையால்..."

அந்த இடத்தில் மேடைக் குரல் இறங்கிவிட்டது. மிச்சத்தை ஏதோ தன் வீட்டுக் கடிதத்தை வாசிப்பது போல வாசித்து முடித்தார். பதினாறு பேரும் திரும்பி மூலை மேசையைப் பார்த்தார்கள். றிச்சர்ட் எழுதிக்கொண்டிருந்தான். எழுதுவதற்கு அப்போது எதுவும் இருக்கவில்லை.

"முன்மொழியிறது யாரு?" என்றார் அழகன்.

"நான்" என்றார் கேத்ரின், எதிர்க்கட்சி உறுப்பினர். "எம்மகனுக்கு ஓஎல் பரீட்சயில கணக்கு பாஸாக்கிவிட்ட டீச்சரு அவங்க. எங்கள்ல யாரும் அந்த டீச்சரு வூட்டுக்குப் போயி ஒரு வார்த்த கேக்கல."

ஆளும் கட்சி உறுப்பினர் கிஷாந்த் வழிமொழிந்தார். எல்லாக் கைகளும் எழுந்தன. ஒரு வருடமாகப் படிவம் படிவமாக றிச்சர்ட் தனியாக அறிவித்துக்கொண்டிருந்த செய்தியை அன்றைக்குத்தான் ஒரு சபை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது: தயானி இறந்துவிட்டாள். பின்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் கை தட்டத் தொடங்கி இரண்டாவது தட்டோடு நிறுத்திக்கொண்டார்.

"தலைவரே, இதுக்கு எந்திரிச்சு நிக்கணுமா?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

அழகன் சட்டப் புத்தகத்தைத் தேடவில்லை. "எந்திரிங்கய்யா" என்றார்.

கதிரைகள் தரையில் இழுபட்டன. எல்லோரும் எழுந்து நின்ற பிறகுதான் றிச்சர்டுக்குத் தானும் எழ வேண்டும் என்று தோன்றியது. நின்றான். ஒரு நிமிடம் என்பது கணக்கு. அழகனின் சட்டைப் பையில் கைபேசி பாட்டுப் பாடத் தொடங்கியபோது இருபத்துமூன்று விநாடிதான் ஆகியிருந்தது.

உட்கார்ந்து அறிக்கையை எழுதினான். வழக்கமாக 'ஒரு நிமிட மௌனம் அனுட்டிக்கப்பட்டது' என்று எழுதுவான். இன்று 'இருபத்துமூன்று விநாடி' என்று எழுதினான். விநாடி என்ற சொல்லின் மேல் ஒரு சொட்டு விழுந்து மை பரவியது. அடுத்த வரியிலும் ஒன்று விழுந்தது. எரிச்சலோடு மேலே பார்த்தான்.

கூரை அப்படியே இருந்தது. மார்ச்சில் திருத்தியது, ஏகமனதாக. அது ஒழுகவில்லை.